கடைசி இருநூறு மீற்றருக்கு எந்தப் பல்லு?

போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குள் பற்றரி வரத் தடை. செய்தி கேட்க வேண்டுமானால் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, டைனமோவை ரயரில் சாய்த்து, அதிலிருந்து வயர் எடுத்து வானொலிக்குக் கொடுப்பார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, வீடு முழுக்கச் சூழ்ந்திருந்து கேட்கும். சுற்றுகிறவர் அசந்தால் வாசிப்பவரின் குரலும் அடங்கிப்போகும். பெடல் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதைக் காதால் கேட்டுத் தெரிந்துகொண்ட தலைமுறை அது.

சைக்கிளோட்டப் போட்டிக்காரர்கள் அதே எண்ணைத்தான் கைபிடியில் பூட்டிய சின்னத் திரையில் பார்த்துக்கொண்டு ஓடுகிறார்கள். 'கேடன்ஸ்' என்பார்கள், உழக்கு வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். முடிவுக்கோட்டை நோக்கிய கடைசி இருநூறு மீற்றரில், எந்தப் பல்லில் செயின் கிடக்கிறது என்பதும் இந்த எண்ணும் சேர்ந்துதான் வெற்றியைத் தீர்மானிக்கின்றன. பின்சில்லில் பல்லு குறையக் குறைய வேகம் கூடும் என்று நம் பெடியள் சொல்வதில் பாதிதான் உண்மை.

முற்றத்தில் நிற்கும் சாதாரண சைக்கிளிலிருந்தே தொடங்கலாம். முன்னால் செயின்வீலில் 44 பல்லு, பின்னால் பிறீவீலில் 18 என்று வைத்துக்கொள்வோம். வால்வு நிலத்தைப் பார்க்கும்படி நிறுத்தி, அந்த இடத்தில் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றியபடி சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால், பின்சில்லு இரண்டு சுற்றும் அரைக்குச் சற்றுக் குறைவாகவும் உருண்டிருக்கும். 28 அங்குலச் சில்லுக்கு அது ஏறக்குறைய ஐந்தரை மீற்றர். நிமிடத்துக்கு 60 சுற்று உழக்கினால் மணிக்கு 20 கிலோமீற்றர். சந்தைக்குப் போகிற வேகம். அதே சைக்கிளில் 120 சுற்று உழக்க முடிந்தால் 39. பின்பல்லை 16 ஆக்கினால் ஒரு சுற்றுக்கு ஆறு மீற்றரைத் தாண்டும். 120 சுற்றில் 44 கிலோமீற்றர் வரும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் அந்த 120 சுற்றைக் கால் கொடுக்குமா என்பதைக் கணக்கு சொல்லாது.

பந்தய சைக்கிளில் முன்னால் 53 பல்லு, பின்னால் 11 முதல் மேலே ஒரு வரிசை. இங்கே ஓர் அழகான பொருத்தம் இருக்கிறது. 11 பல்லில் 110 சுற்று, 12 பல்லில் 120, 13 பல்லில் 130, 14 பல்லில் 140: எல்லாமே ஒரே வேகம், மணிக்கு 67 கிலோமீற்றரை ஒட்டி. ஒரே வேகத்துக்கு நான்கு வழி இருக்கும்போது எதைத் தேர்வது?

பதில் தசைக்குள் இருக்கிறது. தசை எவ்வளவு விரைவாகச் சுருங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் இழுவிசை குறையும். பிரித்தானிய உடலியலாளர் ஏ. வி. ஹில் 1938இல் தவளைத் தசையை வைத்து இந்த உறவைச் சமன்பாடாகவே எழுதிக் காட்டினார். பெடலிலும் அதே கதை. அசையாத பெடலை மிதிக்கும்போது விசை உச்சம், ஆனால் வேகம் சுழியம். சுமையே இல்லாமல் காலைச் சுழற்றினால் இருநூறு சுற்றைத் தாண்டலாம். அங்கே தள்ளுவதற்கு விசை மிஞ்சாது. ஆற்றல் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது, ஆகவே அதன் உச்சம் நடுவில் எங்கோ விழும். தேர்ந்த ஓட்டக்காரருக்கு அந்த நடு 110 முதல் 130 சுற்றுக்குள் வருகிறது.

ஓர் உதாரணம். ஆயிரம் வாற்று ஆற்றலை 60 சுற்றில் கொடுக்க, பெடலில் சராசரியாக 95 கிலோ எடைக்குச் சமமான விசை விடாமல் விழவேண்டும். அதாவது ஒரு முழு ஆளைக் காலால் அமத்துகிற வேலை. அதே ஆயிரம் வாற்றை 120 சுற்றில் கொடுக்க 48 கிலோ போதும். அதற்காக 150, 160 சுற்று என்று பறந்தால் இன்னும் லேசாகுமே என்று கேட்கலாம். 120 சுற்றில் ஒரு காலுக்குக் கீழே தள்ளக் கிடைப்பது கால் செக்கன் மட்டும். தசை விறைக்கவும் தளரவும் கொஞ்ச நேரம் வேண்டும். அதற்கு மேல் விரட்டினால், ஒரு கால் மேலே வரும்போதும் அதன் தசை தளராமல் மற்றக் காலோடு மல்லுக்கட்டும்.

வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1979 மே மாதத்தில் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் நிற்காமல் சைக்கிள் ஓட்டினார். கின்னஸ் புத்தகத்தில் ஏறிய சாதனை. நம் மண்ணின் சைக்கிள் பெருமை என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். தடைக்காலத்தில் கரியரில் விறகு மூட்டையும் பாரில் பிள்ளையுமாக உழக்கியவர்களின் பலமும் அந்த வகையே: மெதுவான சுற்று, நீண்ட நேரம். கடைசி இருநூறு மீற்றரில் வரும் பாய்ச்சல் வேறு வகை. அது பத்துப் பன்னிரண்டு செக்கனில் முடிந்துவிடும். தசையில் ஏற்கெனவே சேர்த்துவைத்த பொஸ்போகிரியற்றின்தான் அதன் முதன்மை எரிபொருள். மூச்சு வந்து உதவ நேரமில்லை. அதனால்தான் நாள் முழுக்க உழக்கிப் பழகிய காலும் கடைசித் திருப்பத்துக்குப் பிறகு தோற்றுப்போகிறது.

பாய்ச்சல் எந்த வேகத்தில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்துப் பல்லு மாறும். பெரிய போட்டிகளில் அணித்தோழர்கள் முன்னால் காற்றை வெட்டிக் கூட்டிவர, 55 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கும்போதுதான் வீரர் வெளியே பாய்வார். 12 பல்லில் அது 99 சுற்று. கோட்டைத் தொடும்போது 66க்கு ஏறினால் 118 சுற்று. தொடக்கமும் முடிவும் காலின் நல்ல எல்லைக்குள் விழுகின்றன. அதுவே ஒரு முடக்கில் வேகம் 35க்கு இறங்கி, அங்கிருந்து பாய வேண்டி வந்தால்? 11 பல்லில் கிடப்பவர் 58 சுற்றில் எழும்பி நின்று மாரடிப்பார். 16, 17 பல்லில் இருப்பவர் அதற்குள் இரண்டு சைக்கிள் நீளம் போயிருப்பார். ஆகவே முடக்குக்கு முன்னரே பல்லை ஏற்றிவைக்க வேண்டும், பிறகு சுற்று கூடக்கூட ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். இன்று பிறேக் பிடியிலேயே கியர் மாற்றும் கட்டை இருப்பதால் இது லேசு. சிமானோ அதை 1990 வாக்கில் சந்தைக்குக் கொண்டுவரும் வரை, கியர் கட்டை கீழே சட்டகக் குழாயில் இருந்தது. பாயும்போது கையை எடுக்க முடியாது. ஒரு பல்லைத் தேர்ந்துகொண்டு அதோடு வாழவேண்டியதுதான்.

இளையோர் சர்வதேசப் போட்டிகளில், ஒரு பெடல் சுற்றுக்கு 7.93 மீற்றருக்கு மேல் போகக் கூடாது என்ற விதி நெடுங்காலம் இருந்தது. வளரும் முழங்காலைக் காக்க என்றார்கள். 2023இல் அதை எடுத்துவிட்டார்கள். விதி போனது சரியோ தெரியாது, ஆனால் அது இருந்த காலத்தில் வேகம் வேண்டிய பிள்ளை வேகமாக உழக்கப் பழகியே ஆகவேண்டியிருந்தது.

குடாநாட்டில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்த வேலையைக் காற்றுச் செய்கிறது. காற்றில்லாத வீதியில் வேகத்தைப் பத்து வீதம் கூட்ட, காற்றை எதிர்க்கும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். இனி யாழ்ப்பாணம்–பருத்தித்துறை வீதியில் வரும் வல்லை வெளியை நினைத்துப் பாருங்கள். இருபக்கமும் மரமோ மதிலோ இல்லாத வெட்டவெளி. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் பருத்தித்துறைப் பக்கம் போகிறவரை அது முதுகில் தள்ளும், யாழ்ப்பாணம் திரும்புகிறவரின் நெஞ்சில் முட்டும். அமைதியான நாளில் 60 கிலோமீற்றரில் பாயக்கூடிய ஒருவரை, மணிக்கு 20 கிலோமீற்றர் எதிர்க்காற்று 48 அளவுக்கு இறக்கிவிடும். 11 பல்லில் அது 79 சுற்று, சேற்றில் உழக்குவதுபோல. 14 பல்லில் 100 சுற்று. அதே காற்று முதுகில் இருந்தால் அவர் 73ஐ எட்டுவார். அப்போதுதான் 11 பல்லு உண்மையில் வேண்டும், அதுவும் 120 சுற்றில்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. சிறிய பல்சில்லில் செயின் கூடுதலாக வளைகிறது, சுமையைப் பங்கிடும் பற்களும் குறைவு. அதனால் உராய்வும் தேய்வும் கூட. தேய்ந்த 11இல் எழும்பி நின்று மிதிக்கும்போது செயின் ஒரு பல்லுத் தாண்டினால் முழங்கால் கைபிடியில் அடிக்கும், அடுத்ததாக உடம்பு தார்வீதியில். பழைய பிறீவீலின் உள்நாக்குத் தேய்ந்து வழுக்கினாலும் அதே கதிதான். பாய்ச்சல் பழகப் போகிறவர் வேறெதையும் வாங்குவதற்கு முன் இந்த இரண்டையும் சைக்கிள் கடையில் காட்டிவிடுவது நல்லது.

ஒற்றைப் பல்லுச் சைக்கிளில் ஓடுகிறவருக்கு வழியில் மாற்ற வசதியில்லை. 18ஐக் கழற்றி 16ஓ 14ஓ போடுவது அவரவர் விருப்பம். 14 பல்லில் 120 சுற்றுக்கு 50 கிலோமீற்றர் வரும் என்று கடைக்காரர் சொன்னால் அது பொய்யில்லை. நிமிர்ந்து உட்காரும் சைக்கிளில், சோளகத்துக்கு எதிரே, அந்த 120ஐ யார் உழக்குவது? வல்லையைக் கடந்து போய்த் திரும்பும் போட்டி என்றால், முடிவுக்கோடு எந்தப் பக்கம் என்று முதலில் விசாரித்துவிட்டு, அதற்குப் பிறகு பிறீவீலைக் கழற்றலாம்.