உங்களுக்குத் தெரியுமா? ஊர் நடுவே படுத்திருக்கும் துரியோதனன்!

ஆந்திரத்தில் புத்தலப்பட்டு உள்ளிட்ட சித்தூர் வட்டாரத்தின் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதக் கதை, இரவில் தெருக்கூத்து. அர்ச்சுனன் வேடமிட்டவர் உயரமான தபசு மரத்தில் ஏறும்போது ஊரே அண்ணாந்து பார்க்கும். ஆனால் கண்கொள்ளாக் காட்சி விழாவின் கடைசி நாளில்தான். திறந்தவெளியில் மல்லாந்து கிடக்கும் துரியோதனனைப் பல அடி நீளத்துக்கு மண்ணால் வடித்து, வண்ணம் பூசி, மீசை முறுக்கி வைத்திருப்பார்கள். பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றியும் மேலேறியும் கதாயுதத்தோடு மோதுவார்கள். தொடை பிளந்ததும் வழியும் செந்நீரைத் தடவித் திரௌபதி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி. அருங்காட்சியகத்துக்குப் போகாத இந்தப் பிரம்மாண்டச் சிற்பம் அடுத்த விழாவுக்குப் புதிதாகவே எழும். தமிழ்நாட்டின் செஞ்சி, ஆரணிப் பக்கமும் இதே வழக்கம் உண்டு. வியப்பில்லை: 1911 வரை சித்தூரும் ஆரணி இருந்த வட ஆர்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தது.