ஸ்நாக் பாக்ஸ் திறந்தாச்சு, பாடம் தொடங்கலாம்!

இந்தோனேசியாவில் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிலரங்கு நடத்தச் சம்மதம் சொன்ன கையோடு வாட்ஸ்அப்பில் முதல் செய்தி வந்து விழும். என்ன தலைப்பு, எத்தனை அமர்வு என்பதெல்லாம் அப்புறம். "மிஸ், பேனருக்கு உங்க போட்டோ ஒண்ணு வேணும்!" இதுதான் முதல் கோரிக்கை. அங்கே அந்தப் பேனருக்கு ஸ்பாண்டுக் என்று பெயர். மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நீளும். கல்வி அலுவலகத்தின் சின்னம், பள்ளியின் சின்னம், தேதி, தலைப்பு, பயிற்றுநரின் சிரித்த முகம் எல்லாம் அதில் பளிச்சென்று இருக்கும். ஸ்பாண்டுக் ஏறினால்தான் பயிலரங்குக்கே களை!

மேடையும் மைக்கும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அந்த ஸ்பாண்டுக்குக்குப் பின்னால் நடக்கும் கலகலப்பு இருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் எனக்கு எப்போதும் ஆசை. வாருங்கள், உள்ளே கூட்டிப் போகிறேன்.

பயணப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

வண்ணச் சீட்டுகள், படங்கள், மேசை மணி, பாடப் பிரதிகள், பென்டிரைவ். நம் ஊர் மூன்று முனை பிளக் அங்கே உள்ள இரண்டு துளை சாக்கெட்டில் நுழையாது என்பதால் அடாப்டர் மிக முக்கியம். அப்புறம் கோவில்பட்டி கடலைமிட்டாய். எதற்கு என்கிறீர்களா? 'டோர்பிரைஸ்' என்று அவர்கள் கொண்டாடும் குலுக்கல் பரிசுக்குத்தான்! அமர்வுக்கு நடுவே பரிசு உண்டு என்று சொல்லிப் பாருங்கள், அரங்கமே நிமிர்ந்து உட்காரும்.

பெரிய சார்ட் தாளைச் சுமந்து போக வேண்டியதில்லை. எந்த ஊரானாலும் ஸ்டேஷனரி கடையில் 'பிளானோ' என்று கேட்டால் சுருட்டிக் கொடுத்துவிடுவார்கள். புரொஜெக்டர் வேண்டுமானால் 'இன்ஃபோகஸ்' என்று கேட்க வேண்டும்.

பயணம் என்று கிளம்பினால்தான் அந்த நாட்டின் பிரம்மாண்டம் உறைக்கும். 17,000-க்கும் மேற்பட்ட தீவுகள், 700-க்கும் மேற்பட்ட மொழிகள், 3 நேர மண்டலங்கள்! ஜகார்த்தாவிலிருந்து பாப்புவாவின் ஜெயபுராவுக்கு நேர் விமானம் பிடித்தாலே 5 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். இறங்கியதும் கடிகாரத்தை 2 மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். சுமத்ராவின் மேடானில் பயிலரங்கு என்றால் எனக்குக் கூடுதல் சந்தோஷம். மாலையில் கம்போங் மெட்ராஸ் பக்கம் நடந்தால், தோட்ட வேலைக்கு வந்த தமிழர்கள் 1884-இல் எழுப்பிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் கோபுரத்தோடு நிற்கும்.

விடிந்தால் விழா

காலை ஏழரைக்கெல்லாம் பள்ளி வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டிவிடும். பக்கத்துத் தீவிலிருந்து முதல் நாளே படகு பிடித்து வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். உடையைப் பார்க்க வேண்டுமே! பாத்திக், பாத்திக், எங்கு பார்த்தாலும் பாத்திக்! யுனெஸ்கோ அந்தத் துணி அலங்காரக் கலையை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த நாள் 2009 அக்டோபர் 2. அதன் நினைவாக அக்டோபர் 2 அங்கே தேசிய பாத்திக் தினம். ஆசிரியர் சங்கமான பி.ஜி.ஆர்.ஐ.-க்கு என்றே கறுப்பு வெள்ளையில் தனி பாத்திக் உண்டு. அதை அணிந்து நூறு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அழகுக்கு ஈடே இல்லை.

தொடக்க விழாவில் எல்லோரும் எழுந்து நின்று தேசிய கீதமான 'இந்தோனேசியா ராயா' பாடுவார்கள். பிறகு பிரார்த்தனை. பிறகு வரிசையாக வரவேற்புரைகள். அதில் ஒரு ரகசிய இனிப்பு ஒளிந்திருக்கிறது. எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் பேச்சுக்கு நடுவே ஒரு பந்துன் எடுத்து விடுவார். பந்துன் என்பது நாலு வரிப் பாட்டு. முதல் இரண்டு வரியில் சந்தை, மீன், மாம்பழம் என்று ஏதாவது காட்சி. கடைசி இரண்டு வரியில்தான் சொல்ல வந்த சேதி. ஒவ்வொரு வரி முடிந்ததும் அரங்கமே "சாக்கெப்!" என்று கத்தும். நம் சபாஷ் மாதிரிதான்! இந்தோனேசியாவும் மலேசியாவும் சேர்ந்து விண்ணப்பித்து, 2020-இல் யுனெஸ்கோ பட்டியலில் பந்துனும் ஏறிவிட்டது. ஆங்கிலத்திலேயே பந்துன் கட்டச் சொல்லி ஒரு பயிற்சி கொடுத்துப் பாருங்கள். எதுகை தேடும் வேகத்தில் எத்தனை ஆங்கிலச் சொற்கள் கொட்டும் தெரியுமா!

சரியாகப் பத்து மணிக்கு...

ஸ்நாக் பாக்ஸ்! சின்ன அட்டைப் பெட்டி. மூடியைத் திறந்தால் உள்ளே மூன்று நான்கு பலகாரங்கள். பொரித்த ரிசோலெஸ், அதைக் கடித்துக்கொள்ள முழுசாக ஒரு பச்சை மிளகாய். வாழையிலையில் சுற்றிய லெம்பெர், ஒட்டரிசிக்குள் கோழி இறைச்சி. அப்புறம் என் செல்லமான கிளெப்பொன். நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பச்சை நிறத்தில் குட்டி உருண்டை, மேலே தேங்காய்த் துருவல், உள்ளே உருகிய பனைவெல்லம். முழுசாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், பாதியாகக் கடித்தால் பாகு பாத்திக் மேலேயே பாயும்!

உண்மையான பயிலரங்கு தொடங்குவதே இந்தப் பெட்டி திறக்கும்போதுதான். அரங்கத்தில் கை தூக்காத ஆசிரியை இங்கே லெம்பெரைப் பிரித்துக்கொண்டே கேட்பார். "மிஸ், என் வகுப்பில் 36 பேர். எல்லோரையும் எப்படிப் பேச வைப்பது?" மேல்நிலைப் பள்ளியில் ஒரு வகுப்புக்கு 36 மாணவர், நடுநிலையில் 32, தொடக்கப் பள்ளியில் 28 என்பதுதான் அரசு வகுத்த உச்சவரம்பு. இந்தக் கேள்வி கிடைத்துவிட்டால் மதிய அமர்வுக்கான திட்டத்தையே மாற்றிவிடலாம். நான் மாற்றிவிடுவேன்!

ஓடு, படி, ஓடி வா, சொல்!

36 பேர் வகுப்புக்கு என் பதில் 'ரன்னிங் டிக்டேஷன்'. சுவரில் ஒரு பத்தி ஒட்டியிருக்கும். ஜோடியில் ஒருவர் ஓடிப் போய்ப் படித்து, மனதில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து சொல்ல வேண்டும். மற்றவர் எழுத வேண்டும். தலைமுக்காடு பறக்க, பாத்திக் சட்டை கசங்க, ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஐயாக்கள் ஓடும் ஓட்டம் இருக்கிறதே! ஒரு தாள், ஒரு சுவர், ஒரு பென்சில் போதும். மின்சாரம் இல்லாத பள்ளியிலும் நடத்தலாம். படித்தல், நினைவில் நிறுத்துதல், பேசுதல், கேட்டல், எழுதுதல் அத்தனையும் ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிடும்.

சுவரில் என்ன பத்தி ஒட்டுவது? அவர்கள் ஊர்க் கதைதான். இந்தோனேசியாவின் ஆங்கிலப் பாடத்திட்டத்தில் வருணனை, அனுபவம், செய்முறை, கதை என்று உரைவகை வாரியாகக் கற்பிக்கும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. கதை என்று வந்தால் மாலின் குண்டாங்! பணக்காரனாகித் திரும்பி வந்து பெற்ற தாயையே தெரியாது என்று சொன்னவன் கல்லாகிப் போன கதை. பாடாங் நகரத்து ஆயிர் மானிஸ் கடற்கரையில் அந்தக் கல்லைக் காட்டுவார்கள். எல்லோருக்கும் முடிவு தெரிந்த கதை என்பதால் பயமில்லாமல் அதில் விளையாடலாம். அம்மா மாலினுக்கு போன் செய்தால் என்ன பேசுவாள்? மாலினின் மனைவி அம்மா பக்கம் நின்றிருந்தால்? ஆசிரியர்கள் நடிக்க எழுந்தால் உட்கார வைப்பதுதான் கஷ்டம்!

அவர்களுடைய மாணவர்களின் சிரமங்களும் தெளிவானவை. இந்தோனேசிய மொழியில் வினைச்சொல் காலத்துக்குத் தகுந்தபடி உருமாறாது. நேற்று, நாளை என்ற சொற்களே காலத்தைச் சொல்லிவிடும். அவனுக்கும் அவளுக்கும் ஒரே பிரதிப்பெயர். கிட்டத்தட்ட ஒலிப்பதை அப்படியே எழுதும் வழக்கம், 1972-இல் எழுத்துமுறையையும் சீராக்கிவிட்டார்கள். அந்த மொழி பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு ஆங்கிலத்தின் இறந்தகால வினைகளும், எழுதிவிட்டு உச்சரிக்காமல் விடும் எழுத்துகளும் எப்படி இருக்கும்! இதை இலக்கண விதியாகச் சொல்லித் தள்ளிவிடாமல், மாலின் கதையை நேற்று நடந்ததாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தால் இறந்தகாலம் தானாக நாக்கில் ஏறும்.

மதியம் தூக்கமா? வாய்ப்பே இல்லை!

பன்னிரண்டு மணிக்கு 'இஷோமா'. ஓய்வு, தொழுகை, சாப்பாடு மூன்றையும் ஒரே சொல்லில் சுருக்கி நிகழ்ச்சி நிரலில் போட்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா தொழுகைக்காக இடைவேளை நீளும். அதைக் கணக்கில் எடுத்துத்தான் அன்றைய திட்டத்தையே போட வேண்டும். பெட்டிச் சோறான நாசி கோத்தாக் முடிந்ததும் யாராவது ஒருவர் ஸ்பீக்கரில் 'கெமு ஃபா மி ரே' பாட்டைப் போட்டுவிடுவார். ஃபுளோரெஸ் தீவின் மௌமெரே ஊர்ப் பாட்டு அது. இசை தொடங்கினதுமே அரங்கம் வரிசை வரிசையாக நின்று, வலது பக்கம் இரண்டு அடி, இடது பக்கம் இரண்டு அடி என்று ஆட ஆரம்பித்துவிடும். தலைமையாசிரியர், கல்வி அதிகாரி, பயிற்றுநர் யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. ஆடி முடித்து வேர்க்க விறுவிறுக்க உட்காருபவர்களுக்கு ஆங்கிலத்தில் வாய் திறப்பதில் என்ன கூச்சம் இருக்கப்போகிறது?

இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஆங்கிலம் பேசக் கூசும் ஆசிரியர், ஆங்கிலம் பேசக் கூசும் வகுப்பைத்தான் உருவாக்குவார். சிரித்துக்கொண்டே தப்பும் தவறுமாகப் பேசிப் பழகியவர், தன் பிள்ளைகளையும் அப்படிப் பேச விடுவார். அந்த ஆட்டமும் பந்துனும் ஸ்நாக் பாக்ஸும் பயிற்சியின் உள்ளடக்கமே.

பயிற்றுநர் ஊருக்குப் போன பிறகு?

வெளியாள் வந்து போகும் நாட்கள் கொஞ்சம்தான். மற்ற நாட்களில் இந்தச் சக்கரத்தைச் சுற்றுவது எம்.ஜி.எம்.பி. ஒரு மாவட்டத்தில் ஒரே பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் கூடிப் பேசும் அமைப்பு அது. ஏதாவது ஒரு பள்ளியில் கூடுவார்கள், பாடம் தயாரிப்பார்கள், ஒருவர் எடுக்கும் பாடத்தை மற்றவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். அமெரிக்கத் தூதரகத்தின் ஆங்கிலப் பிரிவு, பிரிட்டிஷ் கவுன்சில், பல்கலைக்கழகங்கள், டெஃப்லின் என்ற ஆங்கில ஆசிரியர் சங்கம் என்று கைகொடுக்கப் பலர் உண்டு. ஆனாலும் அடித்தளம் இந்த மாவட்டக் கூட்டங்கள்தான்.

ஆங்கில மோகத்துக்கும் அங்கே குறைவில்லை! கிழக்கு ஜாவாவின் பாரே என்ற சிற்றூரில் 1977-இல் கலெண்ட் ஒசென் என்பவர் ஓர் ஆங்கில வகுப்பைத் தொடங்கினார். இன்று அந்தப் பகுதிக்கே 'கம்போங் இங்கிரிஸ்', அதாவது ஆங்கிலக் கிராமம் என்று பெயர். நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சி நிலையங்கள், வாடகை சைக்கிளில் வகுப்புக்கு வகுப்பு பறக்கும் பிள்ளைகள் என்று ஊரே கலகலக்கிறது.

மீண்டும் நம் பயிலரங்குக்கு வருவோம். அதன் கடைசி நாளில் ஆசிரியர்களே பாடம் எடுப்பார்கள், சக ஆசிரியர்கள் மாணவர்களாக உட்கார்ந்து சேட்டை செய்வார்கள். பிறகு சான்றிதழ். அதில் '32 ஜே.பி.' என்று பயிற்சி நேரம் அச்சாகியிருக்கும். பணி உயர்வுக்கு அது உதவும் என்பதால் பெயரில் ஓர் எழுத்துகூடத் தவறக் கூடாது. ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்கள் அங்கே நிறைய. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று படிவத்தில் இரண்டு கட்டம் போட்டுவிட்டுத் திணற வைக்கக் கூடாது. எல்லாம் முடிந்ததும் 'ஃபோத்தோ பெர்சாமா', குழுப் படம்! முறையாக நின்று ஒன்று, கையை உயர்த்தி ஒன்று, அவரவர் இஷ்டப்படி ஒன்று, மகளிர் மட்டும் ஒன்று, அப்புறம் செல்பிகள். நிகழ்ச்சி நிரலில் இதற்கென்று தாராளமாக நேரம் ஒதுக்கி வைப்பது பயிற்றுநருக்கு அழகு.

வேலை இனிமேல்தான் இருக்கிறது. 2013 பாடத்திட்டத்தில் தொடக்கப் பள்ளியின் கட்டாயப் பாடங்களில் ஆங்கிலம் இடம்பெறவில்லை. 2027-28 கல்வியாண்டு முதல் மூன்றாம் வகுப்பிலிருந்து அதைக் கட்டாயமாக்க அரசு முடிவெடுத்திருக்கிறது. ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி பெறாத வகுப்பாசிரியர்கள் ஏராளமானோர் இனி அந்தப் பாடத்தைக் கையில் எடுக்க வேண்டும். அவர்களில் பலர் மிகக் குறைந்த சம்பளத்தில், 'குரு ஹோனோரெர்' என்ற தற்காலிகப் பணியில் இருப்பவர்கள். பயிற்சி முதலில் போய்ச் சேர வேண்டியது அவர்களுக்குத்தான். பெரிய நகரங்களின் விடுதி அரங்குகளை விட்டு இறங்கி, படகும் மோட்டார் சைக்கிளும் போகும் ஊர்களுக்குப் பயிலரங்குகள் போக வேண்டும்.

ஆகவே, ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர்களே, உங்களுக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தால் யோசிக்காமல் சரி என்று சொல்லுங்கள். குறைவாகப் பேசுங்கள், அவர்களை நிறையப் பேச விடுங்கள். பேனருக்கான போட்டோவை மட்டும் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்!