கொடுத்தேன் என்று சொன்னால் போதுமா?

பதினோர் ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து திரும்புகையில் எங்கள் மஹல்லாப் பெரியவர் ஒருவர் என்னையும் வேறு இருவரையும் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். மனைவியை இழந்த அவரை இளைய மகள்தான் உடனிருந்து கவனித்து வந்தார். "இந்த வீட்டை என் மகளுக்கு ஹிபாவாகக் கொடுத்துவிட்டேன், நீங்கள் சாட்சி" என்றார் பெரியவர். மகளும் ஏற்றுக்கொண்டேன் என்றார். தேநீர் அருந்தினோம். எழுதி வைக்கலாமா என்று உடன் வந்தவர்களில் ஒருவர் கேட்டார். அதற்கு, "அல்லாஹ் சாட்சியாக இருக்கும்போது காகிதம் எதற்கு?" என்று கூறியவன் இந்தக் கட்டுரையை எழுதுபவன்தான்.

அதன்பின் ஆறு ஆண்டுகள் பெரியவர் வாழ்ந்தார். வீட்டு வரி அவர் பெயரிலேயே கட்டப்பட்டது. பட்டாவும் மின் இணைப்பும் அவர் பெயரிலேயே இருந்தன. வீட்டின் முன்புறக் கடையின் வாடகையை மாதந்தோறும் அவரே வாங்கித் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மூலப்பத்திரம் அவருடைய அலமாரியை விட்டு நகரவில்லை. அவர் வஃபாத்தானபோது ஒரு மகன் சவூதியிலிருந்தும் மற்றொருவர் சென்னையிலிருந்தும் வந்தனர். "வாப்பா எங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே" என்றனர். அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். உண்மையிலேயே அவர்களுக்குத் தெரியாது.

நான் கேட்டதைக் கேட்டபடி சாட்சி சொன்னேன். வழக்கறிஞர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வீடு எந்த நாளில் மகளின் கைக்கு வந்தது?" எங்கள் மூவரிடமும் பதில் இல்லை.

வாசகப் பெருமக்களே, நம்மில் பலர் இரண்டு தவறான எண்ணங்களில் ஒன்றைப் பற்றிக்கொண்டிருக்கிறோம். பதிவு செய்யாத ஹிபா செல்லவே செல்லாது என்பது ஒன்று. வாயால் சொன்னாலே போதும் என்பது மற்றொன்று. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுக்கப் பதிவுப் பத்திரமும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்கிறது. ஆயினும் அதே சட்டத்தின் 129ஆம் பிரிவு முஸ்லிம்களின் ஹிபாவை இவ்விதியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. வாய்மொழியாகச் செய்த ஹிபாவை எழுதி வைத்ததனால் மட்டும் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதில்லை என 2011இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆனால் மூன்று நிபந்தனைகளில் எந்தத் தளர்வும் இல்லை. கொடுப்பவர் கொடுத்தேன் என அறிவிக்க வேண்டும். பெறுபவர் ஏற்க வேண்டும். பொருள் பெறுபவரின் வசம் வர வேண்டும். எங்கள் வீட்டு விவகாரத்தில் முதல் இரண்டும் நிறைவேறின. மூன்றாவது நிறைவேறவில்லை.

இந்த மூன்றாவது நிபந்தனை ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்கள் கண்டுபிடித்ததன்று. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு செய்தி பதிவாகியிருக்கிறது. ஹளரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் தம் அருமை மகளார் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குத் தம் தோட்டத்திலிருந்து 20 வஸக் பேரீச்சங்கனியை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார்கள். அன்னையார் அதனைக் கைப்பற்றிக்கொள்ளவில்லை. மரணப் படுக்கையில் சித்தீக் (ரலி) அவர்கள் மகளை அழைத்து, நீ அதை அப்போதே எடுத்துக்கொண்டிருந்தால் அது உனதாகியிருக்கும், இன்றோ அது வாரிசுகளின் சொத்து, உன் இரு சகோதரர்களுக்கும் இரு சகோதரிகளுக்கும் அதில் பங்குண்டு என்ற கருத்தில் கூறினார்கள். எனக்கு ஒரு சகோதரி அஸ்மாதானே, மற்றவர் யார் என்று அன்னையார் கேட்டார்கள். தம் மனைவியின் வயிற்றில் வளரும் சிசுவைச் சித்தீக் (ரலி) அவர்கள் குறிப்பிட்டார்கள். கலீஃபாவின் இல்லத்தில், அன்னையாருக்கே இந்த நிலை! பிறக்காத குழந்தையின் உரிமைக்காக, கொடுத்த வாக்கையே சித்தீக் (ரலி) அவர்கள் திரும்பப் பெற்றார்கள். மதரஸாவில் பாடம் நடத்தும் எனக்கு இது தெரியாதா? தெரியும். அன்று நினைவுக்கு வரவில்லை.

வசம் வருதல் என்றால் தந்தை தம் மூட்டை முடிச்சுடன் தெருவுக்குப் போக வேண்டும் என்பதன்று. இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தால் அவர் வெளியேற வேண்டியதில்லை என நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஆனால் உரிமையைக் கைவிட்டதைக் காட்டும் வெளிப்படையான செயல் வேண்டும். சாவியையும் மூலப்பத்திரத்தையும் ஒப்படைக்க வேண்டும். வரியையும் பட்டாவையும் பெயர் மாற்ற வேண்டும். இனி வாடகையை மகளிடம் கொடுங்கள் என்று கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். பருவமடையாத பிள்ளைக்குத் தந்தை கொடுத்தால் மட்டும், அவரே காப்பாளர் ஆதலால், கைமாற்றம் தேவையில்லை. என்னைக் கேட்டால், சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் பதிவு செய்துவிடுவதே மேல் என்பேன். குடும்பத்தினருக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்குத் தமிழகத்தில் முத்திரைத் தீர்வை கிரயப் பத்திரத்தைவிட வெகு குறைவு.

இங்கே இன்னொன்றும் உண்டு. ஒரு மகளுக்கு மட்டும் கொடுப்பது நியாயமா? நுஃமான் (ரலி) அவர்களின் தந்தை அந்த ஒரு மகனுக்கு மட்டும் கொடுத்ததற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு கொடுத்தீரா என்று பெருமானார் (ஸல்) வினவினார்கள். இல்லை என்றதும் சாட்சி நிற்க மறுத்துவிட்டார்கள். தேவையோ சேவையோ காரணமாக ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று கூறும் ஃபிக்ஹு அறிஞர்களும் உள்ளனர். அந்த மகள் ஆண்டுக்கணக்கில் செய்த பணிவிடை அத்தகைய காரணம்தான் என்பது என் எண்ணம். ஆனால் மற்ற இருவரையும் அழைத்து வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். மறைத்துக் கொடுத்தது பின்னர் பகையாயிற்று.

வஸிய்யத்து எழுதியிருந்தால் காப்பாற்றியிருக்குமா? இராது. மூன்றில் ஒரு பங்குக்கு மேலோ, வாரிசுக்கு எவ்வளவாயினுமோ எழுதினால், மற்ற வாரிசுகள் அவருடைய மரணத்திற்குப் பின் சம்மதித்தாலன்றிச் செல்லாது. வங்கியில் நாமினியாகப் பெயர் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களும் உள்ளனர். வைப்புத்தொகையை வங்கியிடமிருந்து பெறும் உரிமையே நாமினிக்கு உண்டு, பணம் வாரிசுகளுக்கே சேரும் என்பது 2010இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் நிலம் கொடுக்க நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2025ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டத்திற்குப் பின், பத்திரம் எழுதாமல் புதிய வக்ஃபு ஏற்பட முடியாது. முன்னோர் காலத்து வாய்மொழி வக்ஃபு இனிக் கிடையாது. முத்தவல்லிமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: இமாமையும் உஸ்தாதையும் முஅத்தினையும் வேலைக்கு வைக்கும்போது சம்பளம், விடுப்பு, விலகும் முறை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். இருபது ஆண்டு ஓதிக்கொடுத்தவரிடம் பணி செய்ததற்கான ஒரு சீட்டும் இல்லாததை நான் கண்டிருக்கிறேன்.

பெரியவரின் வீடு ஐந்து பங்காயிற்று. மகன்களுக்கு இரண்டிரண்டு, மகளுக்கு ஒன்று. வீட்டை விற்றே பிரிக்க முடிந்தது. அந்தச் சகோதரி இப்போது இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருக்கிறார். பாகம் பிரித்த அன்று, "ஹஜ்ரத், அன்று நீங்களும் இருந்தீர்களே" என்று மட்டும் சொன்னார்.

சென்ற ஷஅபானில் வேறொரு பெரியவர் அதே போல் சாட்சிக்கு அழைத்தார். பிள்ளைகள் அனைவரும் ஊருக்கு வரும் நாளைக் கேட்டு அந்நாளில் போனேன். பத்திர எழுத்தரை உடன் அழைத்துச் சென்றேன். மாடியில் குடியிருப்பவரையும் கீழே வரச் சொன்னேன்.