உருண்டைத் துகளின் உயர்வு

அரசலாறு கடலோடு கலக்கும் காரைக்கால், நெல் விளையும் நாடு. அங்குள்ள வீடொன்றில் புனலில் கடுகை இட்டுப் பாருங்கள். தடையின்றி உருண்டு இறங்கும். உமியை இட்டாலோ, ஒன்றோடொன்று சிக்கி நின்றுவிடும். இச்சிறு வேறுபாடே இக்காலத் தொழிற்கலை ஒன்றிற்கு உயிர்நிலையாகும்.

உலோகத் துகளை மெல்லிய படலமாகப் பரப்பி, வேண்டிய இடங்களை மட்டும் லேசர்க் கதிரால் உருக்கி, படலத்தின்மேல் படலமாகப் பொருளை வளர்ப்பது முப்பரிமாண அச்சு முறை. துகள் உருண்டையாயின் படலம் சீராகப் பரவும். கரடுமுரடாயின் இடையிடையே வெற்றிடம் தங்கி, பொருளினுள் நுண்துளையாகும். வெப்பமும் அழுத்தமும் மிகும்போது அத்துளையிலிருந்து வெடிப்புத் தோன்றலாம்.

உருண்டைத் துகளை ஆக்குவது எங்ஙனம்? உருகிய உலோகத் தாரையின்மீது ஆர்கான் போன்ற வாயுவை விசையுடன் பாய்ச்சுவர். சிதறிய துளிகள் பரப்பு இழுவிசையால் உருண்டு திரண்டபின் இறுகும். நீரைப் பாய்ச்சினால், உருளுமுன்னரே விரைந்து குளிர்ந்து கோணல் வடிவுறும்.

2024ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், மகேந்திரகிரியில், இம்முறையால் ஆக்கிய பி.எஸ்.எல்.வி. நான்காம் நிலைப் பொறி 665 விநாடிகள் செவ்வனே இயங்கிற்று. முன்னர் 14 உறுப்புகளாக இருந்தது ஒன்றாயிற்று. 19 பற்றிணைப்புகள் நீங்கின. 565 கிலோ உலோகம் வேண்டியிருந்த இடத்தில் 13.7 கிலோ துகள் போதுமானதாயிற்று.

தலைமயிரினும் நுண்ணிய துகளின் வடிவம், விண்ணூர்தியின் வலிமையைக் காக்கின்றது. சிறிதென்று எதனையும் இகழலாமோ?