தணிகை மழையும் எண்ணூர் முகத்துவாரமும்

திருத்தணிகை மலையின் 365 படிகளையும் ஏறிக் கிழக்கு நோக்கி நிற்பவர்க்கு வயலும் ஏரியும் பனந்தோப்பும் தோன்றுமேயன்றிக் கடல் தோன்றாது. கடற்கரை அங்கிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆயினும் ஐப்பசி கார்த்திகையில் அம்மலைச்சாரலிற் பெய்யும் மழை நந்தியாற்றில் இறங்கி, ஏறத்தாழ நேர்கிழக்கே சென்று, எண்ணூரிற் கடலைச் சேர வேண்டுவதாகும். ஆண்டிற் பெரும்பகுதி வெறும் மணலாய்க் கிடக்கும் இச்சிற்றாற்றுக்கும் கப்பல்களுக்கும் என்ன தொடர்பு என்று நம் மாணவர் சிலர் நகைக்கலாம். அத்தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நந்தியாறு தனித்துக் கடலை அடைவதன்று. அது கொசத்தலையாற்றின் கிளை. கொற்றலையாறு என்றும் வழங்கும் இப்பேராறு (பேராறு என்பது மரியாதைக்காகச் சொன்னது, இதன் நீளம் 136 கிலோமீட்டரே) காவேரிப்பாக்கம் ஏரியின் பக்கத்தில் தோன்றிக் கேசாவரம் அணைக்கட்டில் கூவத்தோடு வழி பிரிகின்றது. கூவம் சென்னை நகரின் நடுவே சென்று பெயர் கெட்டது. கொசத்தலை வடக்கே ஒதுங்கிச் சென்றமையாற் சில காலம் பிழைத்தது. ஆந்திர நாட்டு மலைகளினின்று வரும் நகரியாறும் இதனோடு சேர்வது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி, சித்தூர் மாவட்டத்தினின்று நீங்கித் தமிழகத்தோடு இணைந்தது. அன்று எல்லை இடம் மாறிற்று, ஆறு மாறவில்லை. இன்றும் இதன் நீரிற் பாதிக்கதை எல்லைக்கு அப்பாலே தொடங்குகின்றது.

இனி ஆற்றின் மறுமுனைக்குச் செல்வோம். நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நில்லாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் கரையோரமாக மணலை வடக்கே தள்ளும்; வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் வடக்கே செல்வதே மிகுதி. இவ்வாறு நகரும் மணல் ஒவ்வோர் ஆற்று வாயிலிலும் திட்டாய்ப் படிந்து அதனை அடைக்க முயலும். அதனை எதிர்ப்பவை இரண்டு. ஒன்று, நாள்தோறும் கழியினுள் ஏறி இறங்கும் கடலோதம். மற்றொன்று, மழைக்காலத்து வெள்ளம். ஓதத்தின் வலி கழியின் அகலத்தையும் ஆழத்தையும் பொறுத்தது. கழி விரிந்திருப்பின் மிகுந்த நீர் புகுந்து மிகுந்த நீர் வெளியேறும். அவ்வோட்டமே மணலை அரித்துச் செல்லும். கழி தூர்ந்து குறுகின் ஓட்டம் தளரும், வாயிலும் மூடும். வெள்ளமோ ஆண்டுக்கொருமுறை வந்து திட்டை உடைத்துச் செல்லும் தோட்டி. தணிகையிற் பெய்த மழைக்கும் எண்ணூர்க் கரைக்கும் உள்ள உறவு இதுவே.

மணற்றிட்டின் காரணமாகவே இக்கரையில் பெருங்கப்பல்கள் ஆற்று வாயிலினுள் நுழைந்ததில்லை. அவை கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகளும் கட்டுமரங்களுமே சரக்கையும் மக்களையும் கரை சேர்த்தன. மசூலாப் படகிற்கு ஆணி இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பர். அலையடியில் ஆணியடித்த படகு பிளக்கும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். மேனாட்டு மாலுமிகள் முதலில் இகழ்ந்து, பின் அதனையே நம்பிக் கரையிறங்கினர்.

எண்ணூர்க் கழியின் ஒரு கிளை வடக்கே திரும்பிப் பழவேற்காட்டு ஏரியோடு தொடர்புறுகின்றது. கொசத்தலையின் தங்கை எனத்தகும் ஆரணியாறு கலப்பது அவ்வேரியிலேயாம். 1610இல் விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரிடம் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் வாணிக உரிமை பெற்றனர். அம்மன்னர் வீற்றிருந்த சந்திரகிரியும் வேலூரும் தணிகைக்கு மேற்பால் உள்ள உள்நாட்டு நகரங்கள். கடல் காணாத ஊர்களிலேதான் கடற்றுறையின் தலைவிதி எழுதப்பட்டது. 1612இல் போர்த்துகீசியர் ஒல்லாந்தரின் பண்டகசாலையைத் தாக்கவே, 1613இல் கெல்டிரியா என்னும் கோட்டை எழுந்தது. அங்கே பொன் நாணயம் அடித்தனர், வெடிமருந்து செய்தனர். சோழமண்டலத்துப் பருத்தித் துணியை ஏற்றிச் சென்று, கீழைத் தீவுகளில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் கொண்டனர்.

ஏற்றிச் சென்றது துணி மட்டுமன்று. 17ஆம் நூற்றாண்டில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்த ஆண்டுகளில், பசியால் தம்மையும் தம் மக்களையும் விற்ற ஏழைகள் ஆயிரக்கணக்கில் இத்துறையினின்று பத்தாவியாவுக்கு அடிமைகளாய்க் கொண்டுசெல்லப்பட்டனர். பழவேற்காட்டிற்குச் செல்வோர் ஒல்லாந்தர் கல்லறைகளின் சிற்ப வேலைப்பாட்டைக் கண்டு வியக்கின்றனர். வியக்கத் தக்கனவே அவை. ஆற்றில் நீர் வாராத ஆண்டிலே கடற்றுறைக்கு மனிதர் வந்தனர் என்பதையும் அங்கு நின்று நினைத்தல் தகும். 1690இல் ஒல்லாந்தர் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றினர். பின் ஆங்கிலேயரோடு நேர்ந்த போர்களிற் கோட்டை கைமாறி, 1825இல் ஊர் முற்றிலும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

எண்ணூருக்கு வாழ்வு வந்தது வேறொரு வழியில். 1806இல் பாசில் காக்ரேன் என்பார் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டினார். அது பின்னர் வடக்கும் தெற்கும் நீண்டது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தில், கூலிக்கு மண்சுமந்த மக்களைக்கொண்டு அடையாற்றுக்கும் கூவத்திற்கும் இடைப்பட்ட பகுதியும் வெட்டி இணைக்கப்பட்டது. அக்காலத்து ஆளுநர் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் எனப்படலாயிற்று. விறகும் உப்பும் நெல்லும் கிளிஞ்சலும் படகேறி எண்ணூர்க் கழியைக் கடந்து சென்னை வந்தன. சென்னைப் பழங்கட்டடங்களின் வழுவழுப்பான சுவர்ச்சுண்ணம் இத்தகைய கிளிஞ்சலைச் சுட்டுச் செய்ததாகும். 1965, 1966 ஆம் ஆண்டுப் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன, படகோட்டமும் அற்றது.

இதற்கிடையில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டது. கடலினுள் நீட்டிய கற்சுவர் வடக்கே நகரும் மணலைத் தடுத்தது. தெற்கே மெரினா விரிந்தது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் செல்லும் சாலை வரை கடல் அரித்தது. நகரத்தார் உலாவ மணல் கிடைத்தது, மீனவர்க்கு வீடு போயிற்று. 2001இல் எண்ணூர் முகத்துவாரத்தின் வடபால் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் அலைதடுப்புச் சுவர்களும் மணலை நிறுத்தும் இயல்பினவே. நிறுத்தும் இடம் முகத்துவாரத்தை ஒட்டிய கரை.

மேலே நீரும் நின்றுவிட்டது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கொசத்தலைக்குக் குறுக்கே அமைந்தது. சென்னை மக்கள் தாகம் தீர்க்கும் அவ்வணையை நாம் குறைகூறுவதெங்ஙனம்? நம்மிற் பலர் அந்நீரைக் குடித்தே படித்தோம். ஆயினும் அணை நிரம்பி வழியும் நாளிலன்றி வெள்ளம் முகத்துவாரத்தை அடைவதில்லை. கழியிலோ அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது. 2023 டிசம்பரில் புயல்மழை பெய்து பெருவெள்ளம் வந்தபோது, அவ்வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து கழியிற் பரவியது. படகுகளும் வலைகளும் அலையாத்தி மரங்களும் கரிய பூச்சுப் பூசப்பெற்றன. மீனவர் குடத்தாலும் கையாலும் எண்ணெயை அள்ளினர்.

இறால் கடலில் முட்டையிடுவது. அதன் குஞ்சு ஓதத்தோடு கழியினுள் புகுந்து, உவரும் நன்னீரும் கலந்த இடத்தில் வளர்ந்து, பெரிதானபின் கடலுக்குத் திரும்பும். வாயில் மூடினால் குஞ்சு வாராது. நன்னீர் வாராவிடின் வந்த குஞ்சு தழையாது. எனவே, கார்த்திகையில் நந்தியாறு செந்நீராய்ப் பெருகுவதைத் தணிகைப் பாலத்தின்மேல் நின்று சிறுவர் பார்த்துக் கூவும்போது, அந்நீர் பூண்டியைக் கடக்குமா என்று எண்ணூர்க் கழியிற் கைகளால் தடவி இறால் பிடிப்போர் காத்திருக்கின்றனர்.