பட்டை உரித்த கைகள் காட்டைக் காக்கின்றன

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "இவ்வாண்டு எங்கே போகலாம்?" என்பதே. உதகையா, கொடைக்கானலா, குற்றாலமா, தேக்கடியா என்று பிள்ளைகள் ஆளுக்கோர் ஊரைச் சொல்வர். தந்தையார் செலவுக் கணக்கைப் பார்ப்பார். தாயார் கட்டுச்சோற்றுக்கு ஆயத்தம் செய்வார். உழைத்துக் களைத்த குடும்பமொன்று சில நாள் மலைக்காற்றை நுகர்வதை யார்தான் குறை கூறுவர்? ஆயினும், எங்கே போகலாம் என்று கேட்கும் நாம், எப்படிப் போகலாம் என்று கேட்பதில்லை. நம் வருகையால் அவ்வூர் மக்களுக்கும் மலைக்கும் காட்டுக்கும் விளைவது நன்மையா தீமையா என்பதையும் எண்ணிப் பார்ப்பதில்லை. அக்கேள்வியையே இங்கு எழுப்ப விரும்புகிறோம்.

விருந்தாளி பெருகினால்

தீமை விளையக் கூடும் என்பதற்குத் தொலைவில் சான்று தேடவேண்டியதில்லை. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளின் நெரிசல் அளவு கடந்ததால், சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பெற்றே அம்மலைகளில் ஏறவேண்டியதாயிற்று. அதற்கு முன்னரே, குடித்தவர்கள் காட்டோரத்தில் எறிந்துசென்ற புட்டிகளின் கண்ணாடிச் சில்லுகள் விலங்குகளின் கால்களைக் கிழித்ததால், நீலகிரி மாவட்டத்தில் 2022இல் ஓர் ஏற்பாடு வந்தது. மதுப்புட்டி ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைக் கொண்டுவந்து தருவோர்க்கு அப்பணத்தைத் திருப்பித் தருவதே அந்த ஏற்பாடு. மனச்சான்று செய்யாததைப் பத்து ரூபாய் செய்யவேண்டிய நிலைக்கு நாம் வந்துவிட்டோம்!

அப்படியானால் பயணமே வேண்டாமா? வீட்டிலேயே முடங்கிக் கிடப்பதுதான் காட்டுக்கு நாம் செய்யும் தொண்டா? அன்று. நல்ல முறையில் வரும் பயணி ஒரு காட்டையே காப்பாற்றவும் கூடும். இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதைத் தேக்கடியில் நிகழ்ந்த ஒரு மாற்றம் நமக்குக் காட்டுகிறது.

நம் வயலுக்கு நீர் தரும் காடு

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து மலையேறினால், எல்லைக்கு அப்பால் குமுளி, அதையடுத்துத் தேக்கடி. 925 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பெரியாறு புலிகள் காப்பகம் இங்கே உள்ளது. 1978இல் இது புலிகள் காப்பகமாயிற்று. பயணிகள் படகில் சுற்றிவரும் ஏரி இயற்கையாய் அமைந்ததன்று. பென்னிகுயிக் முன்னின்று கட்டி 1895இல் முடித்த பெரியாற்று அணையில் தேங்கிய நீரே அது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக அந்நீர் கிழக்கே இறங்கி, வைகையோடு கலந்து, தேனி, மதுரை முதல் இராமநாதபுரம் வரை உள்ள வயல்களை நனைக்கிறது. மழைநீரைத் தாங்கி, தேக்கி, சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுவது அந்தக் காடு. ஆகவே தேக்கடிக் காட்டில் ஒரு மரம் வீழ்ந்தால் அது கேரளத்தார் கவலை மட்டுமன்று. மதுரைப் பக்கத்து உழவரின் கவலையுமாகும்.

இத்தகைய காட்டில், மலையாளத்தில் 'வயணா' எனப்படும் மரங்கள் உண்டு. நம் இலவங்கப்பட்டைக்கு உறவான இம்மரத்தின் பட்டைக்குச் சந்தையில் நல்ல கேள்வி. எனவே காட்டோரச் சிற்றூர்களைச் சேர்ந்த ஏழை ஆடவர் சிலர் இரவோடிரவாகக் காட்டுக்குள் நுழைந்து, நாட்கணக்கில் அங்கேயே தங்கி, பட்டையை உரித்து, மூட்டைகளாகச் சுமந்துவந்து விற்றனர். பட்டை உரிபட்ட மரம் பட்டுப்போகும். சுமந்தவருக்குக் கிடைத்ததோ சிறு கூலி, கொழுத்தவன் இடைத்தரகன். வனக்காவலருக்கு அஞ்சி ஓடுவதும், அகப்பட்டால் சிறை செல்வதும், வழக்குக்காகக் கடன் வாங்குவதும், அக்கடனை அடைக்க மீண்டும் காடேறுவதுமாக அவர்கள் வாழ்வு கழிந்தது. காட்டைக் கெடுத்தவர்கள் வாழ்ந்ததும் இல்லை.

திருடர் காவலரான விதம்

1996இல் உலக வங்கியின் உதவியோடு நம் நாட்டின் ஏழு காப்பகங்களில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் ஒன்று தொடங்கிற்று. பெரியாறு அவற்றுள் ஒன்று. காட்டோர மக்களைப் பகைவராக எண்ணித் துரத்துவதை விடுத்து, காட்டால் அவர்களுக்கு நேர்மையான பிழைப்பு கிடைக்கச் செய்தால் அவர்களே அதைக் காப்பர் என்பது இத்திட்டத்தின் அடிப்படை. வனத்துறை அலுவலர்கள் பட்டை உரிப்போருடன் பேசினர். ஏறக்குறைய இருபது பேர் தொழிலைக் கைவிட்டு முன்வந்தனர். அவர்களைக் கொண்டு ஒரு குழு அமைக்கப்பட்டது. காட்டின் ஒவ்வொரு தடமும், ஒவ்வொரு நீர்நிலையும், யானை வரும் நேரமும் அவர்களுக்கு அத்துப்படி. அந்த அறிவே அவர்களுடைய புதிய முதலாயிற்று.

1998இல் பயணிகளைக் கால்நடையாகக் காட்டுக்குள் அழைத்துச்சென்று கூடாரத்தில் தங்கவைக்கும் பணியை அவர்கள் தொடங்கினர். ஒரு குழுவில் ஏறக்குறைய ஐந்து பயணிகள். அவர்களுக்குத் துணையாக அதே அளவு வழிகாட்டிகள். துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவர். பயணி செலுத்தும் கட்டணம் பொதுநிதியில் சேர்கிறது. அதிலிருந்து அவர்களுக்கு ஊதியம் கிடைக்கிறது. பயணிக்கு வழிகாட்டிக்கொண்டே அவர்கள் காட்டையும் காவல் காக்கின்றனர். கள்ளத்தனமாய் மரம் வெட்டுவோர், வேட்டையாடுவோர் ஆகியோரின் தந்திரங்களை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்? ஒரு காலத்தில் காவலரைக் கண்டு ஒளிந்தவர்கள், இன்று காவலரோடு ஒரே பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சிக் குடிக்கின்றனர். பெற்றோர் தலைமறைவாய்த் திரியாத வீட்டில் பிள்ளைகள் வளர்கின்றனர். இதனினும் பெரிய ஆதாயம் வேறு எது?

இவ்வாறே எழுபதுக்கு மேற்பட்ட சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் காப்பகத்தைச் சூழ்ந்து உருவாயின. குமுளிப் பகுதியில் வாழும் மன்னார், பளியர் ஆகிய பழங்குடியினர் தாம் விளைவித்த மிளகை வணிகரிடம் முன்னதாகவே அடகுவைத்து, கடனில் மூழ்கியிருந்தனர். குழுவின் துணையால் கடன் தீர்த்து, தம் விளைச்சலைத் தாமே விற்கத் தொடங்கினர். அவர்களுள் பலர் பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் ஆயினர். காட்டோரப் பெண்கள் 'வசந்தசேனை' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து, வீட்டு வேலைகளை முடித்துக்கொண்டு, முறைவைத்துக் காட்டைச் சுற்றிவரலாயினர். இதற்கு அவர்கள் கூலி பெறுவதில்லை. 2004இல் உலக வங்கித் திட்டம் முடிந்தபின்னும் இப்பணிகள் நின்றுவிடவில்லை. பயணிகளிடம் பெறும் கட்டணத்தின் ஒரு பகுதி, அதே ஆண்டில் அமைந்த பெரியாறு அறக்கட்டளையின் வழியாக இவற்றுக்கு உதவுகிறது.

எது நன்மை செய்கிறது?

சூழல் சுற்றுலா என்னும் பெயர்ப்பலகையால் மட்டும் இப்பயன் விளையவில்லை. பயணியின் பணம் காட்டைக் காப்பவரின் கையை அடைகிறது. வருவோர் தொகைக்கு வரம்பு உண்டு. காட்டைக் காட்டுவோர் அக்காட்டை அறிந்தவர்கள். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் பெயர் மட்டும் பச்சையாய் இருக்கும், காடு காய்ந்துபோகும். ஓடையை மறித்தும் மரத்தை வெட்டியும் எழுப்பிய மாளிகைகளுங்கூட இன்று 'இயற்கை விடுதி' என்று விளம்பரம் செய்துகொள்கின்றன. பெயரை நம்பி ஏமாற வேண்டாம்.

வரம்பு மீறினால் மனித உயிருக்கும் கேடு என்பதை அதே தேக்கடி 2009 செப்டம்பர் 30 அன்று கண்டது. அன்று சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கரையில் விலங்குகளைக் கண்ட பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டபோது படகு சரிந்தது என்று உயிர் பிழைத்தோர் கூறினர். படகில் அளவுக்கு மீறி ஆட்கள் ஏற்றப்பட்டிருந்ததும் பேசப்பட்டது. இருக்கையை விட்டு எழவேண்டாம், உயிர்காப்பு அங்கியை அணியுங்கள் என்று சொல்லும்போது எரிச்சலடையும் நாம், அந்த 45 குடும்பங்களை நினைத்துக்கொள்வது நல்லது.

நாம் செய்யக் கூடியவை

குடும்பங்களும், பங்கு இளைஞர்களும் பயணத்துக்குத் திட்டமிடும்போது சிலவற்றைக் கருத்தில் கொள்ளலாம். தனித்தனி வண்டிகளுக்குப் பதிலாகப் பேருந்திலோ இரயிலிலோ சேர்ந்து போகலாம். வனத்துறையும் உள்ளூர்க் குழுக்களும் நடத்தும் நடைப்பயணங்களையும் தெப்பப் பயணங்களையும் முன்கூட்டியே பதிவு செய்யலாம். உள்ளூராரின் சிறு விடுதியில் தங்கி, அவர்கள் சமைத்ததை உண்டு, அவர்கள் விளைவித்த மிளகையும் ஏலத்தையும் தேனையும் வாங்கலாம். அற்பக் காசுக்காக அவர்களோடு பேரம் பேசாதிருக்கலாம். வீட்டிலிருந்து தண்ணீர்ப் பாத்திரமும் துணிப்பையும் எடுத்துச்சென்று, கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவரலாம். குரங்குக்குத் தீனி போடுவதைக் குழந்தைகள் விளையாட்டாய்க் கருதலாம். அத்தீனியால் குரங்கு காட்டு உணவை மறந்து, சாலையில் வண்டிக்கு இரையாகிறது என்பதைப் பெரியோர் எடுத்துச் சொல்லவேண்டும். காட்டில் ஒலிபெருக்கியும் கூச்சலும் வேண்டவே வேண்டா. அமைதியாய் நடப்பவர்க்கே காடு தன்னைக் காட்டும்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செல்வம் தேவையில்லை. சற்று முன்யோசனை போதும். பயணச் செலவு எப்படியும் ஆகத்தான் போகிறது. அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்பதை முடிவு செய்வது மட்டும் நம்மிடம் உள்ளது. அது தரகன் பைக்குப் போனால் மீண்டும் ஒருவன் இருட்டில் பட்டை உரிக்கப் புறப்படுவான். வழிகாட்டியின் வீட்டு அடுப்பை எரித்தால், வயணா மரம் பட்டையோடு நிற்கும். அதன் வேரில் தங்கிய மழைநீர் சுரங்கம் கடந்து நம் வாய்க்காலுக்கு வந்து சேரும். அடுத்த விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று பிள்ளைகள் கேட்கும்போது, இக்கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.