அப்பாவின் கையெழுத்து

என் அப்பாவின் கையெழுத்து அழகானது. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். ஆனாலும் தம் பெயரைத் தமிழில் எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டின் நுனியில் இரண்டு புள்ளிகள் வைப்பார். என் பள்ளித் தேர்ச்சி அறிக்கைகள் எல்லாவற்றிலும் அந்த இரண்டு புள்ளிகள் உண்டு.

சென்ற ஆண்டு தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அப்போது அவருக்கு வயது 72. வலது கையும் காலும் செயலிழந்தன. பேச்சு குழறியது. சில வாரங்கள் கழித்து மருத்துவர் எங்களை உட்கார வைத்து நிதானமாக விளக்கினார். பாதிப்பு கைகால்களோடு நிற்கவில்லை என்றும் பணம், சொத்து போன்ற விஷயங்களைப் புரிந்துகொண்டு முடிவெடுக்கும் திறனும் போய்விட்டது என்றும் சொன்னார்.

அந்த வாரமே அம்மா வங்கிக்குப் புறப்பட்டார். துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாரந்தூக்கி ஓட்டிச் சேர்த்த பணம் முழுவதும் அப்பாவின் பெயரில் மட்டுமே இருந்தது. மருத்துவமனைக் கட்டணம், சக்கர நாற்காலி, பணிப்பெண்ணுக்கான செலவு என்று எல்லாம் வரிசையாக நின்றன. கணக்குப் புத்தகம், இருவரின் அடையாள அட்டைகள், திருமணச் சான்றிதழ் எல்லாவற்றையும் அம்மா ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வந்தார்.

முகப்பில் இருந்த பெண் நம் பிள்ளைதான். மரியாதையாகவே கேட்டார்: “ஆன்டி, அங்கிள் எல்பிஏ செஞ்சிருக்காரா?”

“அப்படின்னா என்னம்மா? நான் அவரோட பெண்டாட்டி. 43 வருஷமா.”

அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

மனைவி என்றாலும் உரிமை இல்லையா?

நம்மில் பலர் நினைப்பதைப் போலவே நானும் நினைத்திருந்தேன். கணவருக்கு முடியாமற்போனால் மனைவி பார்த்துக்கொள்ளலாம், பெற்றோருக்கு முடியாமற்போனால் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளலாம் என்று. குடும்ப வழக்கப்படி அது சரி. சட்டப்படி சரியில்லை. முடிவெடுக்கும் திறனை ஒருவர் இழந்தால், அவருடைய பணத்தையும் சொத்தையும் நிர்வகிக்கும் அதிகாரம் கணவன், மனைவி, பிள்ளை யாருக்கும் தானாக வந்துவிடாது.

அதற்காகத்தான் 2010ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த மனநலத் திறன் சட்டம் ஒரு வழியை வகுத்துள்ளது. நாம் எல்பிஏ என்று சொல்லும் நிரந்தர அதிகாரப் பத்திரம் அது. 21 வயது நிரம்பிய எவரும், மனம் தெளிவாக இருக்கும்போதே, தமக்கு நம்பிக்கையான ஒருவரையோ இருவரையோ அதில் நியமிக்கலாம். பின்னாளில் முடிவெடுக்கும் திறன் போனால் அவர்கள் நமக்காகச் செயல்படுவார்கள். சொந்தப் பராமரிப்பு, பணமும் சொத்தும் என இரண்டு வகைப் பொறுப்புகள் உண்டு. ஒருவரிடமே இரண்டையும் கொடுக்கலாம், பிரித்தும் கொடுக்கலாம்.

அப்பா அதைச் செய்திருக்கவில்லை. இனிச் செய்யவும் முடியாது. திறன் போன பிறகு எல்பிஏ எழுத இயலாது.

ஏழு மாதங்கள்

எங்களுக்கு இருந்த ஒரே வழி நீதிமன்றம். குடும்ப நீதிமன்றத்தில் மனு செய்து, அப்பாவுக்காகச் செயல்படும் பிரதிநிதிகளாக எங்களை நியமிக்கும்படி கேட்க வேண்டும். மருத்துவ அறிக்கை, சத்தியப் பிரமாணப் பத்திரங்கள், அப்பாவின் சொத்து விவரம், நெருங்கிய உறவினர்களின் சம்மதம் என்று பட்டியல் நீண்டது. குடும்பத்தில் எல்லாரும் ஒத்துப்போனால் எளிமையான நடைமுறையும் உண்டு என்றார் வழக்கறிஞர். நாங்கள் ஒத்துப்போகவில்லை.

அண்ணன் மெல்பர்னில் இருக்கிறார். அப்பாவைத் தாதிமை இல்லத்தில் சேர்ப்பதுதான் நல்லது என்றார் அவர். அம்மாவுக்கும் 68 வயது, முழங்கால் வலி, அவரால் எத்தனை நாள் தாங்க முடியும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நானோ வீட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

“அப்பாவுக்கு அம்மாவைக் கஷ்டப்படுத்தறது பிடிக்காது” என்றார் அண்ணன்.

“அப்பாவுக்கு வீட்டை விட்டுப் போறது பிடிக்காது” என்றேன் நான்.

இருவரும் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் சண்டை போட்டோம். உண்மையில் இருவருக்குமே தெரியாது. எழுபது வயது கடந்த அப்பாவிடம், “உங்களுக்கு முடியாமப் போனா நாங்க என்ன செய்யணும்பா?” என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் மனம் நோகும் என்று நினைத்தோம். அபசகுனம் என்றுகூட நினைத்தோம்.

நீதிமன்ற உத்தரவு கைக்கு வர ஏழு மாதங்கள் ஆயின. அதுவரை செலவுகள் என் கடன்பற்று அட்டையிலும் அண்ணன் அனுப்பிய பணத்திலும் ஓடின. அப்பாவின் சொந்தச் சேமிப்பு வங்கியில் அப்படியே இருந்தது. இன்று அண்ணனும் நானும் அவருடைய பிரதிநிதிகள். அவருடைய பணத்தை எப்படிச் செலவிட்டோம் என்று பொதுக் காப்பாளர் அலுவலகத்துக்கு ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். அது சரியான ஏற்பாடுதான். ஆனால் எங்களைத் தேர்ந்தெடுத்தது நீதிமன்றம், அப்பா இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அம்மா எடுத்த முடிவு

உத்தரவு வந்த மறுவாரம் அம்மா என்னிடம், “எனக்கு அந்தப் பாரத்தை எடுத்துட்டு வா” என்றார். இப்போது எல்பிஏ விண்ணப்பத்தைச் சிங்பாஸ் வழியாக இணையத்திலேயே நிரப்பலாம். அம்மாவின் கைப்பேசியில் நானும் அவருமாக உட்கார்ந்து நிரப்பினோம். பிறகு சான்றளிப்பவரைப் பார்க்க வேண்டும். அதற்கென அங்கீகாரம் பெற்ற மருத்துவர், மனநல மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோரில் ஒருவர் சான்றளிக்கலாம். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. அம்மாவுக்காகத் தமிழ் பேசும் மருத்துவர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன்.

மருந்தகத்தில் மருத்துவர் முதலில் செய்தது என்னை வெளியே அனுப்பியதுதான். அம்மா யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், விவரம் புரிந்துதான் இதைச் செய்கிறாரா என்று அவர் தனியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு முதலில் சற்றுச் சங்கடமாக இருந்தது. யோசித்தபோது நிம்மதியாக இருந்தது. இந்தப் பத்திரம் பிள்ளைகளின் வசதிக்காக மட்டும் எழுதப்படுவதில்லை.

பராமரிப்பு முடிவுகளுக்கு என்னை நியமித்தார் அம்மா. பணத்துக்கும் சொத்துக்கும் அண்ணனையும் என்னையும் நியமித்தார். அங்கே ஒரு கேள்வி வரும்: இருவரும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டுமா, அல்லது தனித்தனியாகவும் செயல்படலாமா? தனித்தனியாகச் செயல்படலாம் என்றால் வேலை எளிது என்று சொன்னேன். அம்மா ஒப்பவில்லை.

“ரெண்டு பேரும் சேர்ந்தே செய்யுங்க. அப்பத்தான் எனக்கு அப்புறமும் பேசிக்கிட்டு இருப்பீங்க.”

இதில் ஒரு சிக்கல் உண்டு. சேர்ந்தே செயல்பட வேண்டும் என்று எழுதியிருந்தால், ஒருவரால் முடியாமற்போகும்போது மற்றவரும் செயல்பட முடியாமல் போகலாம். அதனால் மாற்று நபராகச் சித்தி மகளையும் அம்மா சேர்த்துக்கொண்டார். மனம் தெளிவாக இருக்கும்வரை எல்பிஏயை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து வேறொன்று எழுதலாம். திறனை இழக்கும்வரை அது உறங்கிக்கொண்டிருக்கும். நாளைக்கே பிள்ளைகள் அம்மாவின் பணத்தை எடுத்துவிட முடியாது. நியமிக்கப்பட்டவர் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகச் சந்தேகம் எழுந்தால், பொதுக் காப்பாளர் அலுவலகத்திடம் புகார் செய்யலாம்.

உயில் வேறு, எல்பிஏ வேறு

எல்பிஏ உயிரோடு இருக்கும்வரைதான். இறப்போடு அது முடிந்துவிடும். அதன் பிறகு பேசுவது உயில். ஒருவர் எழுதிய எல்பிஏயை வைத்துக்கொண்டு, அவருக்காக வேறொருவர் உயில் எழுத முடியாது.

உயில் செல்லுபடியாக எழுதுபவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அது எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்கும்போது கையெழுத்திட வேண்டும். உயிலில் பங்கு பெறுபவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சியாக நின்றால், அவருக்கு எழுதிய பங்கு கிடைக்காது. பிள்ளையையே சாட்சியாக நிறுத்தும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் சொத்தைச் சட்டம் பிரிக்கும். கணவன் அல்லது மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், பாதி வாழ்க்கைத் துணைக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. பெற்றோருக்கு ஒன்றுமில்லை. தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு ஃபராயிள் முறைப்படி பங்கீடு நடக்கும். வாரிசுகள் அல்லாதோருக்கு மூன்றில் ஒரு பங்குவரை உயில்வழி எழுதலாம். எல்பிஏ மட்டும் எல்லாச் சமயத்தாருக்கும் பொது.

உயிலுக்குள் வராத சொத்துகளும் உண்டு. மத்திய சேம நிதிப் பணத்தை உயில் கட்டுப்படுத்தாது. அதற்குத் தனியாக நியமனம் செய்ய வேண்டும். கணவன் மனைவி கூட்டு உரிமையாளர்களாக இருக்கும் வீவக வீடு, ஒருவர் இறந்தால் நேராக மற்றவரைச் சேரும். உயிலில் என்ன எழுதியிருந்தாலும் அது மாறாது. பங்கு பிரித்த உரிமையாக இருந்தால்தான் அவரவர் பங்கை உயிலில் எழுத முடியும். உங்கள் பெற்றோரின் வீடு எந்த வகை என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

எங்களுக்கு ஊரிலும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. அப்பாவின் பெயரில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிறிய வீடு உண்டு. கணவரை இழந்த அத்தைதான் அங்கே இருக்கிறார். “அந்த வீடு அவளுக்குத்தான்” என்று அப்பா நூறு முறை சொல்லியிருப்பார். ஒரு முறைகூட எழுதவில்லை. நிலமும் வீடும் எந்த நாட்டில் உள்ளனவோ அந்த நாட்டுச் சட்டமே அவற்றுக்குப் பொருந்தும். இந்திய இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வரிசையில் வருவது மனைவியும் மக்களும்தான்; தங்கை இல்லை. அத்தை அந்த வீட்டில் தொடர்ந்து இருப்பது இனி அம்மா, அண்ணன், நான் மூவரும் விட்டுக்கொடுப்பதைப் பொறுத்தது. நாங்கள் விட்டுக்கொடுப்போம். ஆனால் அத்தை அதைத் தம் அண்ணனிடமிருந்து பெற்றிருக்க வேண்டும். எங்கள் தயவில் இருக்கக் கூடாது.

“நீ செஞ்சிட்டியா?”

மருந்தகத்திலிருந்து திரும்பும் வழியில் அம்மா என்னைக் கேட்டார்: “நீ செஞ்சிட்டியா?”

எனக்கு 36 வயது. இதெல்லாம் வயதானவர்களின் வேலை என்று நினைத்திருந்தேன். அன்றிரவு என் மத்திய சேம நிதிக் கணக்கைத் திறந்து பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மாவின் பெயரை நியமித்த நினைவு இருந்தது. ஆனால் திருமணம் ஆனதுமே அந்த நியமனம் செல்லாததாகிவிட்டது. முன்பு எழுதிய உயிலுக்கும் பெரும்பாலும் இதே கதிதான். அதாவது எட்டு ஆண்டுகளாக, எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் சேமிப்பு கணவருக்கும் மகளுக்கும் போயிருக்கும். மாதந்தோறும் என் கையை எதிர்பார்க்கும் அம்மாவுக்கு அதில் ஒரு வெள்ளிகூடக் கிடைத்திருக்காது. கணவரிடம் பேசி, புதிய நியமனத்தில் அம்மாவுக்கும் ஒரு பங்கு வைத்தேன். எல்பிஏயும் எழுதிவிட்டேன். பக்கவாதமும் சாலை விபத்தும் வயது பார்த்து வருவதில்லை.

அம்மாவுடன் இன்னொன்றையும் பேசி முடித்தோம். முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் என்று ஒன்று உண்டு. கடும் நோய் வந்தால் எந்த அளவு சிகிச்சை வேண்டும், கடைசி நாள்களை எங்கே கழிக்க விரும்புகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவைப்பது. அது சட்டப் பத்திரம் அன்று. ஆனால் மருத்துவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வழிகாட்டும். “கடைசியில குழாய் மாட்டி வைக்காதீங்க. எனக்கு என் சமையலறை தெரியற மாதிரி ஒரு இடத்துல படுக்கப் போடுங்க” என்றார் அம்மா. அண்ணன் மெல்பர்னிலிருந்து காணொளியில் கேட்டுக்கொண்டிருந்தார். மூவரும் அழுதோம். ஆனால் அந்த ஒரு விஷயத்தில் அண்ணனும் நானும் இனிச் சண்டை போட வேண்டியதில்லை.

வீட்டில் எப்படிப் பேச்சை எடுப்பது என்று தோழிகள் கேட்கிறார்கள். “உங்க சொத்தை என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்டால் எந்த அப்பாவுக்கும் மனம் நோகும். “நான் எல்பிஏ எழுதிட்டேன்பா, நீங்க எழுதிட்டீங்களா?” என்று உங்களிடமிருந்து தொடங்குங்கள். சாப்பாட்டு மேசையில், அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாரும் இருக்கும் ஒருநாளில் கேளுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் செய்யும் ஏற்பாடுதான் பின்னால் சந்தேகமாக வளரும்.

அப்பா இப்போது பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்குப் போய் வருகிறார். அங்கே இடது கையால் எழுதப் பழக்குகிறார்கள். போன வாரம் ஒரு தாளில் அவர் பெயரின் முதல் எழுத்து தெரிந்தது. கீழே கோணலாக ஒரு கோடு. நுனியில் இரண்டு புள்ளிகள். வங்கி அதை ஏற்காது. அம்மா அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.